வழக்கு வேறு, பணம் வேறு!

கிரெடிட் கார்டு, ஏடிஎம் கார்டு மோசடி: தண்டனை என்ன? போன பணம் எந்த வழியில் திரும்பும்?

கார்டிலிருந்து பணம் பறிபோனவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற முதல் கேள்வி, “பணம் திரும்பக் கிடைக்குமா சார்?” என்பதுதான். எடுத்தவனுக்கு எத்தனை வருடம் ஜெயில் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால், ஸ்டேஷனில் பதிவாகிற வழக்கு எடுத்தவனைத் தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவதற்கானது. பணம் திரும்புவதற்கான வழி பெரும்பாலும் வங்கிக் கிளையிலும், ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கையிலும், நுகர்வோர் ஆணையத்திலும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, இனி பணம் வந்துவிடும் என்று காத்திருந்தே வங்கியிடம் புகார் செய்வதற்கான கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

“கார்டெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரம்” என்று ஒதுங்கிவிடவும் முடியாது. அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற விவசாயியின் கையில் இருக்கும் கிசான் கிரெடிட் கார்டு, பெயருக்கேற்பக் கடன் அட்டைதான். 1998இல் வந்த அந்தத் திட்டம் பாஸ்புத்தகமாகத் தொடங்கி, பின்னர் ஏடிஎம்மில் செருகும் ரூபே அட்டையாக மாறியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன்தன் திட்டம் நூறுநாள் வேலைக்குப் போகிற ஆயாவின் கையிலும் ஒரு ரூபே அட்டையைக் கொடுத்தது. அட்டை கிராமத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது திருடுபோனால் என்ன செய்வது என்கிற விவரம் மட்டும் கூடவே வரவில்லை.

சட்டம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் கார்டு மோசடிக்கு மத்தியச் சட்டமும் உண்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டமும் உண்டு. டெக்சாஸில் அடுத்தவர் கார்டைத் தவறாகப் பயன்படுத்துவதே ஒரு தனிக் குற்றம். 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் முதியவர் என்றால் குற்றத்தின் தரமே ஒரு படி உயர்ந்துவிடும். இலங்கை இதற்கென்றே 2006இல், 30ஆம் எண் சட்டமாக, பணம் செலுத்தும் சாதனங்கள் தொடர்பான மோசடிகளுக்குத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது.

இந்தியாவில் கார்டு மோசடிச் சட்டம் என்ற பெயரில் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டிலும் கிடையாது. வங்கித் தொழில் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில். காவல்துறை மாநிலப் பட்டியலில். ஆகவே சட்டம் டெல்லியில் எழுதப்படுகிறது, வங்கிக்கான விதியை மும்பையில் ரிசர்வ் வங்கி போடுகிறது, கையில் விலங்கு மாட்டுவது நம் ஊர் போலீஸ். ஒரே மோசடிக்கு மூன்று இடங்களில் விதிகள் சிதறிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2008இல் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்த பிரிவுகள்தான் இன்று கார்டு வழக்குகளின் முதுகெலும்பு. இன்னொன்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா. சினிமா வசனம் வரை புகழ்பெற்ற பழைய 420ஆம் பிரிவு இப்போது 318(4).

திருட்டுக்குத் தகுந்த பிரிவு

சிற்றூர்களில் அதிகம் நடப்பது ஏடிஎம் வாசல் மோசடி. மாத உதவித்தொகை எடுக்க வரும் பெரியவருக்கு மெஷினைக் கையாளத் தெரியாது. “குடுங்க ஆயா, நான் எடுத்துத் தர்றேன்” என்று ஒருவன் கார்டை வாங்குவான். பின் நம்பரையும் கேட்டுக்கொள்வான். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதே நிறத்தில் இருக்கிற வேறு கார்டைத் திருப்பித் தருவான். அடுத்த மாதம் வந்து செருகும்போதுதான் அது தன் கார்டு இல்லை என்பதே தெரியும். ஏமாற்றிப் பொருளைப் பெற்றதற்கு 318(4) பொருந்தும். ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அடுத்தவரின் பின் நம்பரை நேர்மையற்ற நோக்கத்துடன் பயன்படுத்தியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பொருந்தும். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கடவுச்சொல்லும் அதுபோன்ற தனித்த அடையாளமும் ஒருவருக்கே உரியவை என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. பின் நம்பரும் ஓடிபியும் அதில் அடக்கம்.

இரண்டாவது, போன் மோசடி. “பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆகப்போவுது”, “ரிவார்டு பாயிண்ட் இன்னிக்கோட முடியுது”, “கிரெடிட் கார்டு லிமிட்டை ஏத்தித் தர்றோம்” என்று வசனங்கள் மாறும். முடிவில் கேட்பது ஓடிபியைத்தான். இல்லாவிட்டால், போனில் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதன் வழியே உங்கள் திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வங்கி அதிகாரிபோல் நடித்துக் கணினி அல்லது போன் மூலம் ஏமாற்றுவதற்கு 66டி பிரிவு; இதற்கும் மூன்றாண்டு, ஒரு லட்சம். ஆள்மாறாட்ட மோசடிக்கு நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

மூன்றாவது, அட்டையையே நகல் எடுப்பது. ஏடிஎம் வாயிலோ கடை ஸ்வைப் மெஷினிலோ ஸ்கிம்மர் கருவியைப் பொருத்தி, காந்தப் பட்டையில் உள்ள விவரத்தைக் களவாடி, வெற்று அட்டையில் ஏற்றுவார்கள். புதுச்சேரியில் 2018இல் இப்படிப் போலி அட்டைகள் தயாரித்த கும்பலை சிபிசிஐடி போலீஸார் பிடித்தபோது தமிழகமே பரபரத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து, நகல் அட்டைகளைக் கொண்டு பல நாடுகளில் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதையும் சேர்த்து சுமார் 94 கோடி ரூபாய் போனது. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பதற்கு நியாய சன்ஹிதாவின் 336(3)இல் ஏழாண்டு வரை சிறை. காந்தப் பட்டை அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் சிப் அட்டைகளாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்ததால், நம் நாட்டில் இந்த வகைத் திருட்டு ஓரளவு அடங்கியது. திருடர்கள் மெஷினை விட்டுவிட்டு மனிதர்களின் பக்கம் திரும்பினார்கள். சிப்பை உடைப்பது கடினம். பயந்துபோன ஒருவரிடம் ஓடிபி வாங்குவது சுலபம்.

வேடிக்கைபோல் தொடங்கி வினையாகிற குற்றங்களும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் கிடந்த கார்டை எடுத்து, ‘டேப்’ செய்து பெட்ரோல் போடுவது அப்படிப்பட்டது. பின் நம்பர் இல்லாமல் 5,000 ரூபாய் வரை தட்டிச் செலுத்தும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இருப்பதால், இதைச் செய்வது எளிது. “கீழே கிடந்ததுதானே” என்ற வாதம் எடுபடாது. அடுத்தவர் பொருளைக் கையாடியதற்கு நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டாண்டு சிறை. குறைந்தபட்சத் தண்டனை இவ்வளவு என்று சட்டமே வரையறுத்திருக்கும் குற்றம் இது.

பாஸ்புத்தகத்தை வாடகைக்கு விடாதீர்கள்

பாதிக்கப்பட்டவராக இல்லாமல், குற்றவாளியாகக் கிராமத்து இளைஞர்கள் சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. “உன் பேர்ல ஒரு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடு, ஐயாயிரம் தர்றேன்” என்று யாராவது கேட்பார்கள். கொடுத்தவருக்குத் தன் கணக்கில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. எங்கோ ஓர் ஊரில் கார்டிலிருந்து சுருட்டிய பணம் அந்தக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கும். போலீஸ் பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து வரும்போது, முதலில் அகப்படுவது கணக்குக்குச் சொந்தக்காரர்தான். பேசி ஏமாற்றியவனுக்கு முகமில்லை. கணக்கைக் கொடுத்தவருக்கு ஆதாரும் போட்டோவும் கையெழுத்தும் வங்கியில் இருக்கின்றன.

இதில் கூட்டுச்சதிக்கு நியாய சன்ஹிதாவின் 61ஆம் பிரிவும், திருட்டுப் பணம் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் 317ஆம் பிரிவும் சேரும். கும்பலாகத் தொடர்ந்து செய்யும் சைபர் குற்றங்களை 111ஆம் பிரிவு திட்டமிட்ட குற்றம் என்கிறது. அது பொருந்தினால் குறைந்தது ஐந்தாண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. மோசடி செய்து சிம் வாங்கினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஐயாயிரத்துக்கு ஆசைப்பட்டவருக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகத் தேவையான போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் சிக்கலாகும். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஊர்களில் இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் கையில் இருக்கும் ஆயுதம்

மாநிலச் சட்டம் என்று தேடினால் நமக்குக் கிடைப்பது குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் கொண்ட அந்தச் சட்டம் கள்ளச்சாராயக்காரர்களுக்காகவும் ரவுடிகளுக்காகவும் வந்தது. 2014இல் அதைத் திருத்தி, சைபர் குற்றவாளிகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவிட்டால், வழக்கு விசாரணை முடியும் முன்பே ஒருவரை 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதால்தான் இந்த ஆயுதத்தைப் போலீஸ் கையில் எடுக்கிறது. மூன்றாண்டுச் சிறை விதிக்கத்தக்க குற்றங்கள் எல்லாம் ஜாமீனில் விடத்தக்கவை என்கிறது அச்சட்டத்தின் 77பி. ஆகவே 66சி, 66டி மட்டும் போட்டால் பிடிபட்டவர் ஜாமீனில் வெளியே வந்துவிடுவார். ஜாமீனில் விட முடியாத 318(4)ஐயும் சேர்த்துப் போடுவது இதற்காகத்தான்.

ஆனால், தடுப்புக் காவல் தண்டனை ஆகாது. அறிவுரைக் குழுமத்தின் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஆளை ஓராண்டு அடைத்து வைத்தாலும், அதனால் ஏமாந்தவரின் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. கைதுச் செய்தியைப் பார்த்து நிம்மதி அடைகிற நாம், பணத்துக்கான வழியைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

அந்த வழி 1930 என்ற எண்ணில் தொடங்குகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான இந்த உதவி எண்ணில் புகார் சொன்னதும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குக் கணினி வழியே தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் முடக்குவார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் அங்கே தகவல் போகும். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் நிமிடங்களைக் கணக்கிடுகிறார்கள். அழைத்தபின், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரை முழுமையாகப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துவைக்க வேண்டும்.

1930ஐ அழைப்பதோடு நின்றுவிடக் கூடாது. வங்கிக்கும் உடனே சொல்லி அட்டையை முடக்க வேண்டும். பலர் இரண்டில் ஒன்றை மட்டும் செய்கிறார்கள். வங்கியின் பொறுப்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை நிர்ணயிப்பது வங்கியிடம் செய்யும் புகார்தான்.

முடக்கிய பணம் தானாக நம் கணக்குக்கு வராது. பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனுப்போட்டு உத்தரவு பெற வேண்டும். மக்கள் நீதிமன்றங்களிலும் இப்படிப் பணம் திருப்பித் தரப்படுகிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100.

உள்ளூர் ஸ்டேஷனில் “இது சைபர் கேஸ், அரியலூருக்குப் போங்க” என்று சொன்னால்? மாவட்டத் தலைநகரில் சைபர் குற்றப் பிரிவு இருப்பது உண்மை. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும் என்று அதன் 78ஆம் பிரிவு சொல்வதும் உண்மை. ஆனால், புகாரை வாங்க மறுக்க அது காரணம் ஆகாது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மின்னணு வழியில் புகார் அனுப்பி, மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது இல்லாமல் ஸ்டேஷனைவிட்டு வெளியே வராதீர்கள்.

மூன்று நாள் கணக்கு

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையைப் பற்றி வங்கி வாசலில் போர்டு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் நஷ்டம் யாருடையது என்பதை அது வரையறுக்கிறது.

வங்கியின் குறைபாட்டால் போனதா? நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் நஷ்டம் முழுவதும் வங்கியுடையது. வங்கியிடமும் தவறில்லை, உங்களிடமும் தவறில்லை, இடையில் எங்கோ தகவல் கசிந்ததா? குறுஞ்செய்தி வந்த நாளை விட்டுவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஓர் உச்சவரம்பு உண்டு: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும் ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் 10,000, அதற்கு மேற்பட்ட கார்டுகளுக்கு 25,000. அதற்கு மேல் போன தொகை வங்கியின் நஷ்டம். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் பிரச்சினைக்குரிய தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. கூட்டுறவு வங்கிகளுக்கும் இதேபோன்ற விதியை அதே ஆண்டு டிசம்பரில் கொண்டுவந்தார்கள்.

ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு. புகார் செய்யும்வரை போனது உங்கள் நஷ்டம். ஆனால், புகார் செய்தபிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. “நாமதானே நம்பரைச் சொன்னோம்” என்ற வெட்கத்தில் வீட்டாரிடம்கூட மறைத்துவிட்டு, ஒருநாள் கழித்துச் சொல்பவர்கள், அந்த ஒருநாளில் போனதற்கும் தாங்களே பொறுப்பாகிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டை வேறொருவர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால், சட்டப்படி வாடிக்கையாளர் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. நம்முடையது சுற்றறிக்கை. அதற்கு நீதிமன்றங்கள் என்ன மதிப்புக் கொடுத்திருக்கின்றன என்று பார்ப்போம்.

மூன்று தீர்ப்புகள்

முதலாவது தமிழ்நாட்டில். அபுதாபியில் இருந்த ஒருவருக்குத் தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில், வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது, கடவுச்சொல் கேட்டது, பதில் அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதி மும்பைக் கிளை ஒன்றில் எடுக்கப்பட்டது. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்வு அதிகாரியிடம் போனார். ஐந்து கோடி ரூபாய் வரை நஷ்டஈடு கோரிக்கைகளை விசாரிக்கும் அந்த அதிகாரம், ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இருக்கிறது. அப்போதைய செயலர் பி.டபிள்யூ.சி. டேவிதார், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரல் 12 அன்று வங்கிக்கு உத்தரவிட்டார். வாடிக்கையாளர் ஏமாந்தார் என்பதற்காக வங்கி தப்பிவிட முடியாது, தன் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு நாட்டுக்கே முன்னோடியான உத்தரவு அது. மேல்முறையீடோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதை விசாரிக்க வேண்டிய தீர்ப்பாயமே நெடுங்காலம் தலைவர் இல்லாமல் கிடந்தது.

இரண்டாவது பெங்களூருவில். மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பெண், 2013இல் தன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். ரசீது வந்தது, பணம் வரவில்லை. பின் நம்பரைக் கணவருக்குச் சொன்னதே விதிமீறல் என்றது ஸ்டேட் வங்கி. 2018இல் நுகர்வோர் மன்றமும் அதை ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தது. அப்பாவின் கார்டை மகனும், பாட்டியின் கார்டைப் பேத்தியும் எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போகிற நம் ஊர் வழக்கத்தை இந்தத் தீர்ப்போடு பொருத்திப் பாருங்கள். குடும்பத்துக்குள் அது உதவி. சட்டத்தின் கண்ணில் ரகசிய எண்ணை வெளியிட்ட கவனக்குறைவு. மனிதாபிமானம் குறைந்த தீர்ப்பு என்று வாதிடலாம். ஆனால், உங்கள் வழக்கிலும் வங்கி முதலில் நீட்டுவது அதைத்தான்.

மூன்றாவது உச்ச நீதிமன்றத்தில். அஸ்ஸாமில் ஒருவர் இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, கடையின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். அதன் முடிவில் கணக்கிலிருந்து 94,204 ரூபாய் போனது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்னார். ஸ்டேட் வங்கி பொறுப்பை மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஜனவரி 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு வங்கியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அனுமதியில்லாத பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்துத் தடுக்க இன்றைக்கு இருக்கிற தொழில்நுட்பத்தை வங்கி பயன்படுத்த வேண்டும் என்றது. வாடிக்கையாளர்களும் ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அதே உத்தரவில் எச்சரித்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வங்கி இரண்டே கேள்விகளைக் கேட்கும்: ரகசிய எண் எப்படி வெளியே போனது? நீங்கள் எப்போது சொன்னீர்கள்? இந்த இரண்டுக்கும் காகிதத்தில் பதில் வைத்திருப்பவர் ஜெயிக்கிறார்.

ஆதாரம் பேசும்

காகிதத்தின் பலத்தை விக்கிரமங்கலம் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராஜர், கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம்வரை போய்விட்டார். பல கைகள் மாறி, போலி ஆவணங்களோடு விற்கப்பட்ட சிலை அது. அதே சிலை இந்தக் கோயிலில்தான் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியா திரும்பியது. கடல் கடந்த களவையே ஒரு படம் மடக்கியது என்றால், கார்டு களவுக்கும் அதே விதிதான்.

ஆகவே, வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அழைத்த எண், நேரம், போன் திரை ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். வங்கியின் இலவச எண்ணில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த நாள் கிளையில் எழுத்து மூலமும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். ஏடிஎம்மில் நடந்திருந்தால் கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டாண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் அரியலூருக்கு வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

பாக்கி வைப்பது குற்றமா?

ஒரு பயத்தையும் இங்கே போக்கிவிட வேண்டும். வருமானம் நின்றுபோய், கிரெடிட் கார்டு பில்லைக் கட்ட முடியாமல் போவது மோசடிக் குற்றம் ஆகாது; அது சிவில் கடன். “போலீஸ் அனுப்புவோம்” என்று வசூல் ஏஜென்ட் மிரட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால், போலிச் சம்பளச் சான்று கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் அது குற்ற வழக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் கொடுத்துவிட்டுப் பணமில்லாமல் திரும்பினால், செக் பவுன்ஸ்போல அதற்கும் இரண்டாண்டு வரை சிறை விதிக்கும் சட்டம் உண்டு. கேட்காமலேயே கார்டு அனுப்பி, உங்கள் சம்மதமின்றி பில் போட்டால், 2022 விதிப்படி அந்தத் தொகையை ரத்து செய்வதோடு, அதைப்போல இரு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் தேவையா என்றால், பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை என்பதே உண்மை நிலை. பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. நஷ்டஈடு வழங்கும் தீர்வு அதிகாரி சென்னைத் தலைமைச் செயலகத்தில் இருக்கிறார். அப்படி ஒருவர் இருப்பதே கிராமத்துக்குத் தெரியாது. அவருடைய விசாரணையை மாவட்டத் தலைநகரிலிருந்து காணொலியில் நடத்துவதற்கு மாநில அரசுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், மனம் இருந்தால் போதும். புகாருடன் ஸ்டேஷனுக்கு வருபவரிடம், “வங்கிக்கு எழுதிக் கொடுத்தாச்சா? மூணு நாள்ல குடுத்துடுங்க” என்று சொல்ல ஒரு காவலரும், வங்கி வாசலில் 2017 விதியைத் தமிழில் எழுதி மாட்ட ஒரு மேலாளரும் முன்வந்தால், பல வழக்குகள் தொடக்கத்திலேயே திசைமாறும்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாரிடமெல்லாம் கார்டு இருக்கிறதோ, அவர்கள் ஒவ்வொருவரின் போனிலும் 1930ஐயும் அவரவர் வங்கியின் 24 மணி நேர எண்ணையும் பதிந்து வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை, தட்டிச் செலுத்தும் வசதி ஆகிய மூன்றில் தேவையில்லாததை அணைத்து வையுங்கள். 2020 அக்டோபர் முதல் எல்லா வங்கிகளும் இப்படி அணைத்து வைக்கும் வசதியைத் தந்தாக வேண்டும். அப்படியும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள். திருடனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். பணத்துக்கு நீங்கள்தான் வங்கியின் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் மூன்று வேலை நாளுக்குள்.